நடுவில் ஒன்றுமில்லை

கம்பைலருக்குக் கையெழுத்து போதும்.
இன்டர்ஃபேஸில் ஒரே வரி: கூப்பிடு.
யாரை, எந்த எண்ணுக்கு என்பதெல்லாம் இருக்கும்,
எப்படி என்பது இருக்காது.
எப்படி என்பது
வாக்குக் கொடுத்த கிளாஸின் பாடு.

தோட்டப்பாளையம் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு
மூன்று கிளாஸ் எழுதினேன்.
ஒன்று செல்போனுக்குச் செய்தி அனுப்பும்.
ஒன்று சுவரில் சிவப்பு எண்ணாய் எரியும்.
மூன்றாவது ஒலிபெருக்கி.
அதற்கு ஒயர் இன்னும் வந்திருக்கவில்லை.
வெள்ளிக்கிழமை வேறு, சாயங்காலம் வேறு.
அடைப்புக்குறியைத் திறந்தேன், மூடினேன்,
நடுவில் ஒன்றுமில்லை.
ஒரு பிழையும் சொல்லாமல் பச்சை காட்டியது.
நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

மால்டாவிலிருந்து வந்த ஹரிபத மண்டலுக்கு
செல்போன் கிடையாது, கண்ணில் புரை.
படிவத்தில் குல்ஷாத் 'ஒலி' என்று குறித்தாள்.
சரியாகத்தான் குறித்தாள்.
காலை ஏழரைக்கு வெறும் வயிற்றோடு உட்கார்ந்தவர்
மூன்று மணிக்கும் உட்கார்ந்திருந்தார்.
தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்க
அவரிடம் எங்கள் மொழி இல்லை.
பதிவேட்டில் பார்த்தேன்:
பதினொரு முறை கூப்பிட்டிருக்கிறோம்.
பதினொன்றும் வெற்றி.

கவுன்டரை மூடப்போன குல்ஷாத்
பெயரைச் சொன்னதும் எழுந்து
கைகூப்பி அவர்தான் மன்னிப்புக் கேட்டாராம்,
தாமதத்துக்கு.

ராஜா இல்லாத கோட்டை,
சாமி இல்லாத கோயில்,
தண்ணீர் இல்லாத ஆறு.
வேலூரை வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்தால்
நாங்களும் கூடச் சேர்ந்து சிரிப்போம்.
அன்று ராத்திரி சிரிப்பு வரவில்லை.
மூன்றும் கையெழுத்துப் போட்டவை,
உள்ளே எழுதப்படாதவை.

கோயிலுக்குப் பிற்பாடு சாமி வந்துவிட்டார்.
ஒரு தூணையும் அதற்காக நகர்த்தவில்லை.
கும்பிட வந்தவர்களும்
கும்பிடும் விதத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

பாலாறு அப்படியில்லை.
ஓடு() என்பதற்குள் மணல்தான் என்று
எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டு
மணலை நம்பி வேலி போட்டார்கள்.
என் அத்தை மகன் கோபிநாதன்
நாற்பது கோழிக்குக் கூண்டு கட்டினான்.
ஒரு நவம்பரில்
ஆறு தன் வாக்கைக் காப்பாற்றியது.
ஆற்றைத் திட்டித் தீர்த்தான் கோபி.
"அதுக்கு ஆறுன்னுதானேடா பேரு" என்றேன்.
ரெண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

"நல்லவேளை, கிராஷ் ஆகல" என்றான் எபநேசர்.
ஆகியிருக்கலாம்.
முதல் அழைப்பிலேயே அலறி விழுந்திருந்தால்
எட்டு மணிக்கே யாராவது
அந்தத் தோளைத் தொட்டிருப்பார்கள்.

இப்போது அடைப்புக்குறிக்குள் ஒரு வரி இருக்கிறது.
யார் கூப்பிட்டாலும் அது கத்தும்:
இன்னும் எழுதவில்லை.
அழகான வரி இல்லை.
நான் எழுதியதில் பொய் சொல்லாத வரி.

ஒயர் திங்கட்கிழமை வரும் என்கிறார்கள்,
எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை.
அதுவரை மூன்றாவது கிளாஸ் குல்ஷாத்.
அவளுக்கு வங்காளம் தெரியாது.
சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு
வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை
ஒரே பெயரை
மூன்று விதமாய் உச்சரித்துக்கொண்டு நடக்கிறாள்.
ஏதோ ஒன்றுக்கு
ஒரு தலை நிமிர்கிறது.