ஒரே பெயருள்ள இரண்டு பெட்டிகள்

வல்திவியாவில் ஜூலை முழுக்க மழை.
நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில்
நான் பெட்டிகள் செய்கிறேன்.
மரத்தில் இல்லை, தகரத்தில் இல்லை.
காகிதம் போலத் தெரிகிற ஒன்றின் மேல்
வெளிர்நீலச் செவ்வகம் இழுத்து
இங்கே எழுது என்று சொல்லாமல் சொல்வது
என் உத்தியோகம்.

ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளே ஒரு பெயர் உண்டு.
நிரப்புகிறவர்களுக்கு அது தெரியாது.
டேப் விசையைத் தட்டினால்
எதிலிருந்து எதற்குத் தாவ வேண்டும்,
எத்தனையாவது எழுத்தில் மூச்சு நிற்க வேண்டும்,
எந்த இடத்தைக் காலியாய் விட்டால்
சிவப்பு நட்சத்திரம் முறைக்க வேண்டும்,
எல்லாம் நான் வைத்த சட்டம்.
கட்டணப் பெட்டி தானே கூட்டிக்கொள்ளும்.
தேதிப் பெட்டி பிடிவாதக்காரி:
‘போன செவ்வாய்’ என்றால் ஏற்க மாட்டாள்.

படிவம் எண் 31.
மீன்சந்தைக் கடை உரிமை மாற்றம்,
உரிமையாளர் இறந்துவிட்டால்.
ஒரு வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு
பேருந்தைப் பிடிக்கிற அவசரத்தில் முடித்தது.
சரிபார்த்தவர் ரொசெந்தோ.
ஓரங்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்தார்.
ஓர் எழுத்தைக்கூட எழுதிப் பார்க்கவில்லை.

திங்களன்று தொலைபேசி.
பதினான்காம் கடை எர்மோசினா கத்ரிலேயோ.
அவள் குரலுக்குப் பின்னால்
ஆற்றங்கரையில் கடல்சிங்கங்கள் உறுமின.
“உங்கள் படிவம் என்னைக் கொன்றுவிட்டது.”

விண்ணப்பிப்பவர் பெயர் என்ற இடத்தில்
தன் பெயரை அடித்தாளாம்.
கீழே வந்தால்,
இறந்தவர் பெயர் என்ற இடத்தில்
அவளே படுத்திருந்தாள், எழுத்துப் பிசகாமல்.
அழித்தாள். மேலேயும் அழிந்தது.
கீழே எலெயுத்தேரியோ என்று அடித்தாள்.
மேலே போய்ப் பார்த்தால்
எலெயுத்தேரியோ உட்கார்ந்து
தன் கடையைத் தனக்கே தரச்சொல்லி
மனுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அவர் அப்படித்தான்” என்றாள்.
“உயிரோடு இருந்தபோதும்
என்னை வரிசையில் நிற்கவைத்துவிட்டு
ஜன்னல் கிட்ட வந்ததும்
முன்னால் வந்து நின்றுகொள்வார்.”

சிரிக்கலாமா என்று தெரியாமல்
கோப்பைத் திறந்தேன்.
மேல்பெட்டியை நகலெடுத்துக் கீழே ஒட்டியிருக்கிறேன்.
உள்பெயரை மாற்றவில்லை.
அதுவும் ‘பெயர்’, இதுவும் ‘பெயர்’.
ஒரே பெயர் என்றால் ஒரே ஆள்.
மென்பொருளுக்கு அவ்வளவுதான் தெரியும்.
இங்கே எழுதினால் அங்கே எழுதும்,
அங்கே அழித்தால் இங்கே துடைக்கும்.

ஒன்றின் வாலில் 2 என்று சேர்த்தேன்.
பிரிந்துவிட்டார்கள்.

மூன்று நாளில் புதிய படிவம் நிரம்பி வந்தது.
உறவுமுறைப் பட்டியலில் ‘மனைவி’யைத் தேர்ந்திருந்தாள்.
அடுத்த வரியிலேயே ‘விதவை’யும் இருந்தது.
விற்பனைப் பொருள்:
சியெர்ரா, ரொபாலோ, சிப்பி மூன்றிலும் டிக்.
பிற: “தலைகள். கடல்சிங்கத்துக்கு. காசில்லை.”
நாற்பது எழுத்துக்குள் அடக்கியிருந்தாள்.

கையொப்பப் பெட்டி அவளிடம்
ஏதோ மின்சான்றிதழ் கேட்டிருக்கிறது.
மீன்கடையில் அதற்கு எங்கே போவாள்?
அச்செடுத்து, பேனாவால் கையெழுத்திட்டு,
தராசுக்குப் பக்கத்தில் விரித்துவைத்து
கைபேசியில் படம் பிடித்து அனுப்பியிருந்தாள்.
கையெழுத்து பெட்டியைத் தாண்டி
சான்றிணைப்புகள் பகுதி வரை ஓடியிருந்தது.
ஓரத்தில், நான் எந்தப் பெட்டியும் வைக்காத வெள்ளையில்,
ஒரு மீன்செதில் ஒட்டியிருந்தது.

அங்கீகரித்தேன். கடை இப்போது அவளுடையது.

பழைய கோப்பை அழிக்கச் சொன்னார் ரொசெந்தோ.
மதியம், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு,
கடைசியாய் ஒருமுறை திறந்தேன்.
விண்ணப்பிப்பவர் இடத்தில்
என் பெயரை அடித்தேன், முழுப்பெயரை,
அம்மா வழிக் குடும்பப்பெயர் உட்பட.
டேப்.

கீழே தெரிந்தது.
ஒழுங்காக, நடுவில், சரியான எழுத்தளவில்.

மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது.
வேண்டாம் என்றேன்,
சற்று அவசரமாகவே.