அடைக்கவும் வேண்டும்

கொழும்பில், முதல் நாள் முப்பத்தெட்டு.
ஆயிரத்தைச் சொல்வதில்லை மிஸ்ஸி,
அரிசி விலைபோல எண்ணை மட்டும்.
மூன்றாம் நாள் இருபத்தொன்று.
பல் தீட்ட வேண்டாம் என்றார்கள் உனக்கு.
ஊசி குத்திய இடமெல்லாம்
நாவற்பழம் நசுங்கியதுபோல.

நேசதுரை அண்ணா,
பாலமீன்மடுவில் பெக்கோ ஏற்றி
வெள்ளத்துக்கு முகத்துவாரம் வெட்டுகிறவன் நீ.
"பிந்தினா ஊர் தாழும்,
முந்தினா வாவி வத்தும்" என்பாய்
அணைந்த பீடியை உதட்டில் வைத்தபடி.

அதே கணக்கைத்தான்
உன் நாளங்களில் பார்த்தார் டொக்டர்.
அடைக்கவும் வேண்டும். அடைக்கவும் கூடாது.
தையலில் கசிவு நிற்க வேண்டும்,
என் ஈரலுக்குப் போகும் நாடியில்
ஒரு மணல்கூடச் சேரக் கூடாது.

என் ஈரல் என்றா சொன்னேன்?
பழக்கம்.

ஒன்பதாம் நாள் எழுபத்திரண்டு.
பிறகு நூற்றுப்பத்து.

இன்று மட்டக்களப்பு கிளினிக் வாங்கில்
எண் வரும்வரை இருக்கிறோம்.
மெஷின் வாங்கித் தந்தும்
பழைய பிளேட்டையே எடுத்திருக்கிறாய்,
தாடையில் கீறல்.
ஒட்டிய கடதாசித் துண்டு
எங்கேயோ விழுந்துவிட்டது, உனக்குத் தெரியாது.
நான் சொல்லவில்லை.
கடுகளவு கறுப்பு,
காய்ந்து,
பிடித்துக்கொண்டு நிற்கிறது.