சின்ன ர

மண்டபம் ஸ்டேஷன் ரோட்டில்
சீனி காசிம் பேக்கரிக்கு மேல்மாடி
எங்கள் ஜிம்.
தொண்ணூறு கிலோவைத் தரையிலிருந்து பிடுங்குவேன்,
முழங்கால் நிமிரும், முதுகு நிமிரும்,
கையை விட்டுவிடுவேன்.
கீழே சுண்ணாம்பு உதிரும்
தேங்காய் பன் மேல்.

மாவுக் கையோடு பாதிப் படி ஏறி நின்று
கேட்பார் காசிம் பாய்:
"தூக்குறது சரி, ஒத்துக்கிறேன்.
எறக்கி வைக்க மட்டும்
யாரும் சொல்லித் தரலியாம்மா?"

இறக்கினால்தான் வலி, பாய்.
ஏற்றும்போது தசை சுருங்கும், அவ்வளவே.
இறக்கும்போதுதான்
பாரத்தோடு மல்லுக்கட்டி
இழுபட்டு இழுபட்டு
நூல் நூலாய்ப் பிரியும்.
இன்றைக்குத் தெரியாது.
நாளை மறுநாள் கக்கூஸில் குந்தும்போது தெரியும்.

எனக்கு நாளை மறுநாள் வத்தம்.
விடியுமுன் வள்ளம் ஏறணும்.
விரல் பத்திலும் பழஞ்சேலைக் கிழிசல் சுற்றி
மூச்சை அடக்கிப் பாறைக்கு இறங்கி
மரிக்கொழுந்துப் பாசி கிள்ளணும்.
தொடை பிடித்துக்கொண்டதென்று
அடியில் போய்க் கடலிடம் லீவு கேட்க முடியுமா?

அதனால் தூக்கு, போடு.
தூக்கு, போடு.

பரமக்குடிப் போட்டியில் நூற்றிருபதை
ஒரே இழுப்பில் எடுத்தேன்.
கூட்டம் விசிலடித்தது.
பழக்க தோஷம்,
கை தானாக விட்டுவிட்டது.
மூன்று சிவப்பு விளக்கு.
கடைசிவரை பிடித்து இறக்கினால்தான்
தூக்கியதாகக் கணக்காம்.
வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலில்
அந்தச் சட்டத்தைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

எண்பது பக்க நோட்டில் எழுதிவைப்பேன்
ஒவ்வொரு நாளும்.
ஏற்றம் ஐந்து. இரக்கம் இல்லை.
ஏற்றம் ஆறு. இரக்கம் இல்லை.
எட்டிப் பார்த்த இருதயசெல்வி
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்:
"பெரிய ற போடணும்டி.
சின்ன ர போட்டா வேற அர்த்தம்."
பதினொரு பக்கம் எழுதியாயிற்று,
யார் உட்கார்ந்து அழிப்பது.

கச்சான் ஓய்ந்த ஒரு காலை
பாறை இடுக்கில்
யாரோ விட்டுப்போன வலை.
வலைக்குள் பேராமை.
நானும் செல்வியும் ஓட்டுகிற கெபிஸ்டனுமாக
வள்ளத்தில் ஏற்றிப் போட்டோம்,
எண்பது கிலோ குறையாது.
கத்தியால் அறுக்க அறுக்க
வந்துகொண்டே இருந்தது நைலான்.
முன் துடுப்பில் அது
எலும்புவரை போயிருந்தது.
ஆமை ஒருமுறை பெருமூச்சு விட்டது,
மூடை சுமந்து வந்தவர்
உட்காரும்போது விடுவாரே
அதே மாதிரி.

"தள்ளிவிடுக்கா, தண்ணிதானே"
என்றான் கெபிஸ்டன்.

தண்ணிதான்.
எனக்கும் தெரியும்,
முக்குளிக்கும்போது முகத்தில் அறையுமே
அதே தண்ணி.

முட்டியை விளிம்பில் ஊன்றினேன்.
ஓட்டின் இரு பக்கமும் பிடித்து
நெஞ்சோடு அணைத்துத் தூக்கினேன்.
வள்ளம் சாய்ந்தது, செல்வி எதிர்ப்பக்கம் தாவினாள்.
பிறகு
இறக்கினேன்.
ஒரு சாண்.
இன்னொரு சாண்.
முழங்கை நடுங்கியது.
விடு விடு என்றது
மூன்று வருஷப் பயிற்சி.
அறுந்த துடுப்பைத் தண்ணீர் தொட்டபோது
அது உதறியது, நிறுத்தினேன்,
எட்டு எண்ணினேனோ ஒன்பதோ.
மறுபடி ஒரு சாண்.
பாரம் என் கையிலிருந்து
கடலின் கைக்கு மாறியது எப்போதென்று
எனக்கே தெரியவில்லை.
அது போய்விட்டது.
திரும்பியெல்லாம் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள்
தலை சீவக் கை எழவில்லை.
மாடிப்படியைப் பார்த்துவிட்டு
பேக்கரி பெஞ்சிலேயே உட்கார்ந்தேன்.
"என்ன, ரெண்டு நாளா சத்தமே காணோம்?"
டீயை நீட்டினார் பாய்.
குடித்த கிளாஸைத் திரும்ப வைக்க
இரண்டு கையும் வேண்டியிருந்தது,
பன் தட்டு ஓரமாக,
சத்தமில்லாமல்.

நோட்டை எடுத்தேன்.
ஏற்றம் ஒன்று
என்று எழுதினேன்.
அடுத்த சொல்லில்
இ போட்டதும் பேனா நின்றது.

செல்வி வருவதற்குள்
ஏதோ ஒன்றை எழுதி
மூடிவிட்டேன்.