விசிறியின் பின்பக்கம்

ஆறுக்கு மூன்று.
அந்த மூன்றில் நான் இல்லை.

ஆலயத்தில் வாக்காளர் வகுப்பு கூடாது என்று
கை தூக்கிய டீக்கன்களில் நானும் ஒருவன்.
உழுவது கெண்ட்ரிக்கின் நிலம்,
குடியிருப்பது கெண்ட்ரிக்கின் கூரை.
கையும் கெண்ட்ரிக்குடையதாக இருந்திருக்கலாம்.

எங்கள் கவுண்டியின் வாக்குப் பட்டியலில்
கறுப்பர் மூவர்.
அதில் இருவர் இறந்துபோனவர்கள்.

போதகர் டாட்ஸன்
மாதத்தில் ஒரு ஞாயிறுதான் எங்களுக்கு.
மற்ற ஞாயிறுகள் ஆற்றுக்கு அப்பால்.
வார நாளில் மர ஆலையில் பலகை அடுக்குவார்;
மேடையைப் பிடிக்கும் வலக்கையில்
இரண்டு விரல் கிடையாது.
அவர் கோபப்படவில்லை.
"சரி, வகுப்பு இல்லை.
புழுக்கமாக இருக்கிறது,
ஆளுக்கொரு விசிறி வீட்டுக்குக் கொண்டுபோங்கள்."

லாக்கெட் அண்டு சன்ஸ், சவ அடக்கம் செய்பவர்கள்,
இலவசமாகத் தந்த அட்டை விசிறி.
முன்பக்கம் நல்மேய்ப்பர், தோளில் ஆட்டுக்குட்டி,
கீழே தொலைபேசி எண்.
பின்பக்கம் ஒன்றுமில்லை.

ஓசியோலா ப்ரீட்லவ், வயது அறுபத்தொன்று,
பருத்திச் சீட்டில் பெருக்கல் குறி போட்டே பழகியவள்.
முதல் எழுத்து வெறும் வட்டம், சுலபம் என்றாள்.
ப்ரீட்லவ்வின் முதல் எழுத்துக்கு இரண்டு வயிறு;
அதற்குத்தான் மூன்று ராத்திரி ஆனதாம்.

ஆகஸ்ட் ஞாயிறு
ஷெரிஃப் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்,
தொப்பியைக் கழற்றாமல்.
பாட்டு நிற்கவில்லை, கொஞ்சம் மெலிந்தது.
விருந்தாளி யாராயினும் விசிறி நீட்டுவது
சிறுமி வெர்லீனின் பணி.
நீட்டினாள்.
அவர் வாங்கி வீசினார்.

டீக்கன்கள் சபையைப் பார்த்து அமர்ந்திருப்போம்.
மேய்ப்பர் அவர் முகத்தைப் பார்க்க,
எங்களைப் பார்த்து
ஓசியோலா ப்ரீட்லவ் ஓசியோலா ப்ரீட்லவ் ஓசியோலா ப்ரீட்
(கடைசி வரியில் இடம் போதவில்லை).
போதகர் ஒரே வசனத்தை இரண்டு முறை வாசித்தார்.
ஆமென் சொல்ல எனக்கு எச்சில் ஊறவில்லை.

ஷெரிஃப் போகும்போது
விசிறியும் போனது.

திங்கள் காலை நீதிமன்றத்தில்
குமாஸ்தாவின் மேசையில் கிடந்ததாம்,
மேலே மசிப்புட்டி.
"யார் கையெழுத்து இது?"
"என்னுடையது. விசிறி ஆலயத்தினுடையது."
வியாழன் வரச் சொன்னார்கள்.
வியாழன் போனாள், திங்கள் வரச் சொன்னார்கள்.
கெண்ட்ரிக் வீட்டில் அவள் துணி வெளுத்த வேலை
செவ்வாயோடு முடிந்தது.

இன்னும் இருநூறு விசிறி வேண்டும் என்றார் போதகர்.
சபைக் கடிதங்கள் எழுதுவது என் வேலை.
லாக்கெட்டின் பதில் வந்தது:
இத்தனை விசிறி எதற்கு,
அங்கே காற்றே இல்லையா?
அல்லது எனக்கு அங்கே வேலை வரப்போகிறதா?

முதல் கேள்விக்கு, இல்லை என்று எழுதினேன்.
இரண்டாவதற்கு
ஒரு வரி இடம் விட்டு,
வழக்கமாக இடும் இரண்டெழுத்துச் சுருக்கம் இல்லாமல்
கார்னீலியஸ் ஆப்ளிங்
என்று கீழே எழுதினேன்.
மசி காயும்வரை
கெண்ட்ரிக் வீட்டுப் பக்கத்து ஜன்னலைத்
திறந்தே வைத்திருந்தேன்.