மூன்றாவது வாரம்

ஆலை எடைமேடையில் உட்கார்ந்து
லாரி ஏற முள் துள்ளுவதைப் பார்ப்பவள் நான்.
நாற்பது டன் பழக்கம்.
பாகாவ் பஸ் நிலையத்துக்கு எதிரே, செருப்புக்கடை மாடியில்
டாக்டர் இயோ என் உள்ளங்கையில் வைத்த திருகு
செம்பனைப் பழத்தின் ஒரு நார் அளவுகூட கனக்கவில்லை.
டைட்டானியம். நாலாயிரத்து இருநூறு வெள்ளி.
கூட்டுப் பணம் அந்த மாதம் எனக்கு விழுந்ததால் ஆச்சு.

வழவழவென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
மணலால் அடித்து, அமிலத்தில் முக்கி
வேண்டுமென்றே சொரசொரப்பாக்குவார்களாம்.
எலும்பு கட்டுகிற செல்லுக்குக்
கால் ஊன்றப் பள்ளம் வேண்டும்,
கண்ணாடித் தரை பிடிக்காது.
காற்றுப் பட்ட நொடியிலேயே அந்த உலோகம்
கண்ணுக்குத் தெரியாத துருவைப் போர்த்திக்கொள்ளுமாம்.
என் எலும்பு தொடப்போவது அந்தத் துருவைத்தான்.
எங்கள் ஆலையில் துரு என்றால்
மாரிசாமி பெயின்ட் டப்பாவோடு ஓடி வருவார்.

‘மூணாவது வாரம் பத்திரம்’ என்றார் டாக்டர்.
முதல் நாள் இருந்த இறுக்கம் அப்போது இருக்காதாம்.
திருகைக் கவ்விய பழைய எலும்பை
ஒரு கூட்டம் தின்றுகொண்டிருக்கும்;
புதிதாகக் கட்டும் கூட்டம்
இன்னும் பாதியில் நிற்கும்.
இரண்டு ஷிப்டுக்கும் நடுவே
யாரும் காவல் இல்லாத நேரம்.

அந்த வாரம்தான் பதினாலாம் நம்பர் தீம்பாரில்
கிழட்டுச் செம்பனைகளைச் சாய்த்தார்கள்.
இயந்திரம் தண்டை வாழைக்காய் வறுவல்போலச் சீவிப் போட,
கன்றுகள் ரோட்டோரம் கறுப்புப் பைகளில் காத்திருந்தன.
லாரி ஓட்டுகிற ஜைனுடின் கச்சான் நீட்டினான்.
வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.
மூன்று வேளையும் கஞ்சி.
ராத்திரி ஆலை நீராவி விடும் சத்தத்தில்
விழித்து விழித்து
நாக்கால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன்,
ஆடுகிறதா, ஆடுகிறதா என்று.

நாலாவது மாதம்
டாக்டர் கம்பியின் பின்பக்கத்தால் தட்டினார்.
டிங்.
பக்கத்துப் பல்லைத் தட்டினார். டொக்.
‘பிடிச்சிருச்சு’ என்றார்,
நான் ஏதோ செய்துவிட்டதுபோல.
நான் கச்சான் தின்னாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

மூடி போட்ட மறுநாள் கொய்யா கடித்தேன்.
விதை நொறுங்கியது காதுக்குக் கேட்டது,
பல்லுக்குத் தெரியவில்லை.
சொந்தப் பல்லுக்கு அடியில் நார்மெத்தை ஒன்று இருக்குமாம்,
அதுதான் கடியின் பாரத்தைச் சொல்லுமாம்.
இதற்கு எலும்பு நேரடியாக.
கெட்டியாகத்தான் இருக்கிறது.
எதை வேண்டுமானாலும் ஏற்றலாம்.

மேடை இருக்கிறது,
முள் இல்லை.