விரிசலின் நிறம்

புளியங்குடி எலுமிச்சை, நாற்பது மூடை.
ஆரியங்காவு ஏற்றத்தில் மூச்சு முட்டி நின்ற வண்டியைக்
கயிறு கட்டி இழுத்துவந்து
பாவூர்சத்திரத்தில் என் பட்டறை வாசலில் விட்டபோது
லோடு பாதி அழுகி
ரோடே ஊறுகாய்ப் பரணி போல் மணத்தது.

"கொதிக்கக் கொதிக்க பச்சத்தண்ணிய ஊத்திட்டாம்வே.
இவன் சம்பளத்துல பிடிக்கப் போறேன்"
என்றார் வண்டிக்காரர் அருமைநாயகம்.
மாசானம் ரேடியேட்டர் மூடியைக்
கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான்.
அவர் டீக்கடைப் பக்கம் போனதும் சொன்னான்:
"மூணு பீடி தீருத வரைக்கும் காத்துக் கெடந்தேண்ணே.
பொறவுதான் ஊத்துனேன்."

பீடிக் கணக்கை எஞ்சினிடம்தான் கேட்க வேண்டும்.

டிப்ஸ்டிக்கை உருவினேன்.
எண்ணெய்க்குப் பதில் பால் விட்ட காப்பி.
ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை.
ரேடியேட்டர் தண்ணீர் தொட்டால் இன்னும் சில்லென்றிருந்தது,
அதற்குள் கொப்பளித்தது.

பதினெட்டு போல்ட்டையும் கழற்றி
நானும் பட்டுராஜும் ஹெட்டைத் தூக்கி பெஞ்சில் வைத்தோம்.
கேஸ்கட்டில் ஒரு குறையும் இல்லை.
அப்போதே வயிற்றில் ஏதோ செய்தது.

டீசலில் கழுவி, கரி சுரண்டி,
சிவப்பு மருந்தடித்து, ஒரு டீ குடித்துவந்து துடைத்து
வெள்ளை மருந்தடித்தோம்.
கொஞ்ச நேரம் எதுவும் இல்லை.
பிறகு மூணாவது சிலிண்டரில்
ரெண்டு வால்வுக்கும் நடுவே
கொசுக்கடியைச் சொறிந்த நகக்கீறல் மாதிரி
ஒரு சிவப்பு.

கிரைண்டரால் மெல்லத் திறந்தேன்.
புது உடைவென்றால் உள்ளே சாம்பல் நிறம் மினுங்கும்,
கல்கண்டு உடைந்தது மாதிரி.
இது கறுத்திருந்தது.
துருவும் கரியும் சேர்ந்து படிந்த கறுப்பு.
மாசானம் இந்த வண்டியில் ஏறி நாலு மாசம்.
இதற்கு அதைவிட வயது கூட.

விரிசல் தொடங்கிய இடத்தில்
புளியங்கொட்டை அகலத்துக்கு வெளுத்த உலோகம்.
நிக்கல்.
போன ஆவணியில் நான் பற்றவைத்தது.

ஓணம் லோடு அது.
விடியுமுன் செங்கோட்டை தாண்டணும் என்று
அருமைநாயகம் இதே இடத்தில் நின்றார்.
சுண்ணாம்புப் பெட்டிக்குள் மறுநாள் மத்தியானம்வரை
ஆறக் கிடந்திருக்க வேண்டிய ஹெட்டை
ராத்திரி ரெண்டரைக்கு எடுத்தேன்.
சாரல் அடித்துக்கொண்டிருந்தது.
கை சுட்டது. சாக்கை மடித்துப் பிடித்தோம்.
அந்தச் சாக்கு இன்னும் பட்டறையில்தான் கிடக்கிறது.

"அண்ணாச்சி, பையன் தப்பில்ல. நான் செஞ்ச வேலை இது."

அவர் ஹெட்டைப் பார்க்கவில்லை.
மூடைகளைப் பார்த்தார்.
"அப்போ லோடு காசு?"

வெல்டிங்குக்குக் காசு வேண்டாம் என்றேன்.
"அது செரி. லோடுக்கு?"
பாதி என்றேன். முக்கால் என்றார்.
அதற்கப்புறம் பேச்சில் மாசானம் பெயர் வரவே இல்லை.
அவன் வண்டிக்குப் பின்னால் குந்தி
கெடாத காய்களைத் தனியே பொறுக்கிக்கொண்டிருந்தான்.

மேலப்பாளையத்திலிருந்து பீர்முகம்மதை வரவழைத்தேன்.
செங்கல் அடுக்கி, கரி மூட்டி, ஹெட் முழுதும் ஒரே சூடாக ஏற்றி
விரல்கணு அளவு வைப்பார், நிறுத்துவார்,
சின்னச் சுத்தியலால் தட்டுவார்,
வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு
அடுத்த கணு.
"அவசரமா?" என்று ஒருமுறைதான் கேட்டார்.
"இல்ல பாய்."

சுண்ணாம்புக்குள் ரெண்டு ராத்திரி.
போன் ஒன்பது தடவை அடித்தது.
எடுக்கவில்லை.

லேத்தில் முகம் சீவி, சீட்டு அறைந்து,
காற்றேற்றி வெந்நீர்த் தொட்டியில் இறக்கினோம்.
ஒரு குமிழி வந்தது.
பட்டுராஜ் என் முகத்தைப் பார்த்தான்.
ரப்பர் ஓரம்தான். இறுக்கினான்.
பிறகு தண்ணீர் அசையவில்லை.

நடுவிலிருந்து வெளியே, மூணு சுற்று,
போல்ட் முறுக்கி எண்ணெய் மாற்றிச்
சாவியை மாசானத்திடம் கொடுத்தேன்.
வண்டி சுரண்டை ரோட்டில் திரும்பும்வரை
சைலன்சரையே பார்த்து நின்றேன்.
முதலில் கறுப்பாய்க் கொஞ்சம் தள்ளியது,
பிறகு புகையே தெரியவில்லை.

முக்காலில் இன்னும் நாலாயிரம் பாக்கி.
அருமைநாயகம் வெள்ளிக்கிழமை வருவார்.