புள்ளி இரண்டு மில்லி

கதவு ரப்பரில் வெடிப்பு இருந்தால்
கண்ணுக்கு முன்னால் கட்டைவிரலுக்குத் தெரியும்.
புள்ளி இரண்டு மில்லி வரை விடலாம்.
அதற்கு மேல் சிவப்புத் தொட்டி.
புதுவயல் சாலைக் கம்பெனியில் பதினோரு வருடம்
நான் தள்ளியதை யாரும் திரும்ப எடுத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை, இரண்டாம் ஷிப்ட்.
கேட்டில் ஒட்டிய தாளில்
‘நிர்வாகக் காரணங்களால்’ என்று ஒரு வரி,
கீழே இருநூற்றுச் சொச்சம் பேர்.
என் பேரை இரண்டு தடவை தேடினேன்.
முதல் தடவையே கிடைத்துவிட்டது.
வேறு அழகுமீனாவாக இருக்கக்கூடாதா என்று
இன்னொரு தடவை.

மெஷின்கள்தாம் முதலில் கிளம்பின,
தார்ப்பாய் போர்த்தி, ஒரகடத்துக்கு.
அவற்றுக்கு அங்கே வேலை இருந்தது.
லாரியில் ஏற்றியதும் நாங்கள்தான்.
அன்றைக்குத் தனிக் கூலி, முந்நூற்றைம்பது.

சூசைமாணிக்கம் திருப்பூருக்குப் போனான்.
கேன்டீன் ரகமத் அக்கா
டீ பாக்கியை யாரிடம் கேட்பது என்று
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.
வந்த பணத்தில் நகையைத் திருப்பினேன்,
பையனுக்கு இரண்டாம் வருட ஃபீஸ் கட்டினேன்.
டிப்ளமோ படிக்கிறான், ஆட்டோமொபைல்.
மாற்றிக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை.

தையில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம்.
பெரிய வீட்டை மூன்று நாளுக்கு எடுத்திருந்தார்கள்.
பொட்டலில் கார்களுக்கு டோக்கன் கொடுக்க ஆள் வேண்டுமாம்.
பளபளக்கிற பச்சைச் சட்டை, ஒரு விசில்,
நாளுக்கு அறுநூறு.

சென்னை வண்டி, கோயம்புத்தூர் வண்டி.
டப். டப். டப்.
காற்று வெளியே நின்றுவிடுகிற சத்தம்.
அதற்காகத்தான் அத்தனை ஷிப்டும்.
நடுவில் ஒரு வெள்ளை வண்டி மட்டும்
சாத்திய பிறகு லேசாக மூச்சு விட்டது.

டிரைவரிடம் சொல்லிவிட்டுத்தான் திறந்தேன்.
கீழ் மூலையில், வளைவில், கட்டைவிரல் நின்றது.
ரப்பரை மடக்கி உள்பக்க எண்ணைப் பார்த்தேன்:
நாங்கள் போன பிறகு செய்தது.

சந்தோஷமாகத்தான் இருந்தது.
பொய் சொல்வானேன்.

“மழைக்குத் தண்ணி இறங்கும், சொல்லிடுங்க.”
“புது வண்டிக்கா. உனக்கு எப்படித் தெரியும்?”
பின்னால் ஒருத்தர் விடாமல் ஹாரன் அடித்தார்.
விசிலை வாயில் வைத்தேன்.

நாலாம் பந்தியில்தான் எங்களுக்கு இலை.
கவுனரிசி தீர்ந்திருந்தது, மற்றதெல்லாம் சூடாக இருந்தது.
சோறு எடுத்த கையில் ரப்பர் வாசனை.
எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கலாம்.
கழுவவில்லை.